பாடசாலை வாயிலிற் கைத்தொலைபேசி



சென்ற தவணையில் ஒரு தாயார் என் அலுவலகத்துக்கு வந்தார். ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் தம் மகளின் புத்தகப் பையிலிருந்து ஆசிரியை ஒருவர் எடுத்துவைத்த கைத்தொலைபேசியைத் திரும்பப் பெறுவதற்காக வந்தவர் அவர். சினத்தோடு வருவார் என எதிர்பார்த்திருந்தேன். அவரோ மிக அமைதியாக, "சேர், பிள்ளை இரண்டு பஸ் மாறி வாறவள். பின்னேர வகுப்பு முடிஞ்சு வீடு வந்து சேர இருட்டிப் போகும். அவள் வழியில் எங்கே நிற்கிறாள் என்று அறிய எனக்கு வேறு என்ன வழி? நீங்களே சொல்லுங்கோ" என்று கேட்டார். நான் பாடசாலை விதியை எடுத்துச் சொன்னேன். விதி அவருக்கும் தெரிந்ததே. தம் வினாவுக்கு அது விடையாகாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது.

அன்றிரவு வேறொரு நகரத்தின் கதை என் நினைவுக்கு வந்தது. அக்காலத்திற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அரசினர் பாடசாலைகளிற் பயின்ற நியூயோர்க் மாநகரிலே இதே வினாவை ஆயிரமாயிரம் தாய்மார் எழுப்பினர். நீதிமன்றம் வரையிலும் அதனைக் கொண்டு சென்றனர், தோற்றனர், பின்னர் வென்றனர், பத்தாண்டு கழிந்தபின் வென்றதில் ஒரு பகுதியைத் தாமே விட்டுக்கொடுக்கவும் நேர்ந்தது. அவ்வரலாற்றை இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

இவ்வரலாறு கைத்தொலைபேசியோடு தொடங்கவில்லை. 1988 ஆம் ஆண்டிலே கைத்தொலைபேசி செங்கல்லின் பருமனும் பெருவிலையும் உடையதாய், செல்வரும் பெருவணிகரும் மாத்திரம் கையாளும் ஒரு பொருளாயிருந்தது. ஆனால் இடுப்புப் பட்டியிற் செருகிக்கொள்ளத்தக்க 'பேஜர்' என்னும் சிறு கருவி அமெரிக்க நகரங்களில் எங்கும் பரவியிருந்தது. எவரேனும் அழைத்தால் அது கீச்சிட்டு, அழைத்தவரின் தொலைபேசி இலக்கத்தைக் காட்டும். அதனைக் கண்டவர் அருகிலுள்ள பொதுத் தொலைபேசியை நாடிச் சென்று பேசுவார். வைத்தியர்களுக்குப் பெரிதும் உதவிய இக்கருவியை, 'கிராக்' எனப்படும் கொக்கெயின் வகையைத் தெருக்களில் விற்றவர்களும் விரைவிற் கைக்கொண்டனர். அவர்கள் தங்கள் தொழிலிற் சிறுவர்களையும் ஈடுபடுத்தினர். ஆகவே ஒரு மாணாக்கனின் இடுப்பிற் பேஜரைக் கண்ட ஆசிரியர், இவன் எவருடைய கையாளோ என்று ஐயுறும் காலம் வந்தது.

அவ்வாண்டிலே நியூயோர்க் கல்விச் சபை, பேஜர்களையும் "ஏனைய தொடர்புக் கருவிகளையும்" பாடசாலை எல்லைக்குட் கொண்டுவரலாகாது என விதித்தது. கலிபோர்னியா மாநிலமும் அதே ஆண்டில் அவ்வாறே சட்டஞ் செய்தது. மேரிலண்ட் முதலிய வேறு மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றின. கருவி ஆபத்தின் அடையாளம். அதனை வாயிலில் நிறுத்திவிட்டால் பிள்ளை பாதுகாப்பாயிருக்கும் என்பதே அன்றைய எண்ணம். பெற்றாரும் இதனை எதிர்த்தாரல்லர். "ஏனைய தொடர்புக் கருவிகள்" என்னும் சொற்களை எழுதிய உத்தியோகத்தர், அச்சொற்கள் பதினேழு ஆண்டுகள் உறங்கிக் கிடந்து பின்னர் பெரும் பூசலுக்கு வித்தாகும் என்று கனவிலும் கருதியிருக்கமாட்டார். விதிகளை எழுதுவோர்க்கு இஃது எப்பொழுதும் நேர்வதே. நானும் சில சுற்றறிக்கைகளை எழுதியவனாதலின் சொல்கிறேன்.

நியூயோர்க் பிள்ளைகளின் பயணத்தைப்பற்றி இவ்விடத்திற் சிறிது சொல்லவேண்டும். அந்நகரிலே உயர்தரப் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளை தன் வீட்டருகிலுள்ள பாடசாலைக்கே செல்லவேண்டும் என்னும் நியதி இல்லை. நகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சுரங்க இரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேற் பயணஞ் செய்யும் பதினான்கு வயதுப் பிள்ளைகள் பலர் உளர். அந்நகரத்துப் பெற்றாரின் நெஞ்சில் ஒரு பழைய வடுவும் உண்டு. 1979 மே 25 ஆந் திகதி, ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் முதன்முறையாகத் தனியே நடந்து பாடசாலைப் பஸ் தரிப்பிடத்துக்குச் சென்றான். வீட்டிலிருந்து மிகக் குறுகிய தூரம். அவன் அங்கே போய்ச் சேரவில்லை. பின்னர் அவனைக் கண்டாருமிலர். அத்திகதியே 1983 முதல் அமெரிக்காவிற் காணாமற்போன சிறுவர்க்குரிய நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது. இந்நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்த தலைமுறையே 2000 ஆம் ஆண்டளவிற் பெற்றாராகித் தம் பிள்ளைகளை இரயிலேற்றி அனுப்பியது.

அதற்கு முன்னரே இன்னொரு செய்தி நாட்டை உலுக்கியிருந்தது. 1999 ஏப்பிரல் 20 ஆந் திகதி, கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்தரப் பாடசாலையில் மாணாக்கர் இருவர் துப்பாக்கியோடு புகுந்தனர். அன்றைய தினம் பன்னிரு மாணாக்கரும் ஓர் ஆசிரியரும் அவர்களாற் கொல்லப்பட்டனர். வகுப்பறைகளில் ஒளிந்திருந்த பிள்ளைகள் சிலர் கைத்தொலைபேசி மூலம் வெளியுலகோடு பேசினர் என்னும் செய்தியை நாடு முழுவதும் கேட்டது. ஆபத்தின் அடையாளமாயிருந்த கருவி ஒரே நாளிற் காவலின் அடையாளமாயிற்று.

பின்னர் 2001 செப்தெம்பர் 11. உலக வர்த்தக மையத்தின் கோபுரங்களுக்குச் சில தெருக்கள் தள்ளியே நகரின் பெயர்பெற்ற ஸ்டைவெசன்ட் உயர்தரப் பாடசாலை இருந்தது. அதனைச் சூழவுள்ள பாடசாலைகளின் ஆசிரியர்கள், புழுதியும் புகையும் சூழ்ந்த வேளையில், பிள்ளைகளை வரிசையாக்கி வடக்கு நோக்கி நடத்திச் சென்றனர். அப்பாடசாலைகளில் ஒரு பிள்ளையேனும் உயிரிழக்கவில்லை. ஆசிரியத் தொழிலின் வரலாற்றிலே இதனினும் பெரிய புகழ் எனக்குத் தெரியாது. ஏனோ இது போதிய அளவு பேசப்படுவதில்லை. பெற்றார் நினைவில் நின்றது வேறு. அன்று பல மணி நேரம் தம் பிள்ளை எங்கே என்று அறியாதிருந்த வேதனையே அது. மெய்யாக நோக்கின், அன்றைய தினம் கைத்தொலைபேசி வைத்திருந்தவர்களுக்கும் இணைப்புக் கிடைத்தல் அரிதாயிருந்தது. அத்தனை பேரும் ஒரே வேளையில் அழைத்தமையால் வலையமைப்பே திணறிற்று. ஆயினும் அச்சம் கணக்குப் பார்ப்பதில்லை. 2002 ஆம் ஆண்டிலே கலிபோர்னியா தன் பழைய தடையை நீக்கி, முடிவை அவ்வப் பிரதேசக் கல்விச் சபைகளிடமே விட்டது. வேறு பல மாநிலங்களும் அக்காலத்திற் பிடியைத் தளர்த்தின.

நியூயோர்க் தளர்த்தவில்லை. அங்கு மேயராயிருந்தவர் மைக்கல் புளூம்பேர்க். கல்வித் தலைமை அதிகாரியாயிருந்தவர் ஜோயெல் கிளைன். 2005 ஆம் ஆண்டிற் பழைய விதி புதுப்பிக்கப்பட்டது. மருத்துவக் காரணத்துக்காக அதிபரின் முன்னனுமதி பெற்றாலன்றித் தொடர்புக் கருவி எதுவும் பாடசாலைக்குள் வரலாகாது என்பது அதன் சாரம். ஆயினும் ஏட்டிலுள்ள விதியாற் கலகம் எழுவதில்லை. அதனை நடைமுறைப்படுத்தும்போதே எழும். 1992 ஆம் ஆண்டிலே புரூக்லினில் ஓர் உயர்தரப் பாடசாலைக்குள் இரு மாணாக்கர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்கால மேயர் டேவிட் டிங்கின்ஸ் அங்கு வருகை தரவிருந்த அதே நாளில் அது நிகழ்ந்தது. அதன் பின்னர் நகரின் பாடசாலைகள் பலவற்றில் உலோகங் காட்டும் கருவிகள் நிலையாக நிறுவப்பட்டன. 2006 வசந்த காலத்திற் புளூம்பேர்க், இக்கருவிகளை வண்டியிலேற்றி, முன்னறிவித்தலின்றி எந்தப் பாடசாலை வாயிலிலும் கொண்டுபோய் நிறுத்தும் திட்டத்தைத் தொடங்கினார். கத்தியும் துப்பாக்கியும் தேடி வைக்கப்பட்ட பொறியிற் குவியல் குவியலாக அகப்பட்டவை கைத்தொலைபேசிகளே.

நகரம் கொதித்தது. பெற்றார் ஊர்வலம் சென்றனர், கடிதங்கள் எழுதினர். மேயர் அசையவில்லை. பரீட்சையில் ஏமாற்றுதற்கும், சண்டைக்கு வெளியாட்களை அழைத்தற்கும், உடை மாற்றும் அறையிற் படம் பிடித்தற்கும், சக மாணாக்கரை மிரட்டுதற்கும் இக்கருவி பயன்படுகின்றது என நகர நிருவாகம் எடுத்துக் காட்டியது. இவற்றுள் ஒன்றேனும் பொய்யன்று என்பதை அதிபர் நாற்காலியில் அமர்ந்த எவரும் ஒப்புக்கொள்வர்.

2006 யூலை மாதத்திற் பெற்றார் சிலர் வழக்குத் தொடுத்தனர். குடியியல் உரிமை வழக்கறிஞர் நோர்மன் சீகல் அவர்களுக்காகத் தோன்றினார். அவர்களது வாதம் எளிமையானது: பிள்ளையைக் காத்து வளர்ப்பது பெற்றாரின் அடிப்படை உரிமை; போகும் வழியிலும் வரும் வழியிலும் பிள்ளையோடு பேசுவது அவ்வுரிமையின் பகுதி; பாடசாலைக்குள் வைத்திருப்பதையே தடுத்தால், வழியில் வைத்திருப்பதும் தானே தடைப்படும். கீழ் நீதிமன்றம் 2007 ஆம் ஆண்டில் வழக்கைத் தள்ளிவிட்டது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2008 ஏப்பிரல் மாதம் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

மேன்முறையீட்டுத் தீர்ப்பின் நியாயத்தை நாம் புறக்கணித்தல் ஆகாது. பாடசாலைக்கு முன்னும் பின்னும் பெற்றாரும் பிள்ளையும் பேசுவதை இவ்விதி தடுக்கவில்லை என்றனர் நீதிபதிகள். வைத்திருக்கலாம், பயன்படுத்தலாகாது என்று விதித்தாற் போதாதா என்னும் வினாவையும் அவர்கள் ஆராய்ந்தனர். மேசையின் கீழே மறைத்து, ஓசையின்றிச் செய்தி அனுப்பக்கூடிய கருவி இது. பயன்பாட்டை மட்டும் தடுக்கும் விதியைக் காப்பாற்ற ஆசிரியர் நாள் முழுவதும் காவற்காரராய் நிற்கவேண்டும். ஆகவே முழுத் தடை அறிவுக்குப் பொருத்தமற்றது என்று கூறமுடியாது என்பது அவர்கள் முடிவு. சட்டத்தின் கண்கொண்டு நோக்கின் இம்முடிவிற் பிழை காண்பது கடினம். ஆனால் காலை ஏழு மணிக்குப் பிள்ளையிடம் தொலைபேசியைக் கொடுத்தனுப்பும் தாய், எட்டு மணிக்கு அது எங்கே வைக்கப்படும் என்று கேட்டால், அத்தீர்ப்பில் விடை இல்லை. நீதிபதிகளிடம் கேட்கப்பட்ட வினாவும் அதுவன்று.

இடையில் நகரசபை தலையிட்டது. பிள்ளைகள் பாடசாலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் கைத்தொலைபேசி வைத்திருப்பதைத் தடுக்கலாகாது என 2007 ஆம் ஆண்டில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. மேயர் அதனை நிராகரித்தார். சபை மறுபடியும் வாக்கெடுத்து மேயரின் நிராகரிப்பை வென்றது. ஆயினும் கட்டடத்துக்குள் உள்ள தடையை அச்சட்டம் தொடவில்லை. ஆதலின் யாதொன்றும் மாறவில்லை என்றார் மேயர். வழியில் வைத்திருக்கலாம், உள்ளே கொண்டுபோகலாகாது. இரண்டுக்கும் நடுவிலே வாயிற்படி ஒன்று இருந்தது. அவ்வாயிற்படியில் ஒரு வணிகம் முளைத்தது.

உலோகங் காட்டும் கருவி நிலையாகப் பொருத்தப்பட்ட பாடசாலைக் கட்டடங்கள் அந்நகரில் தொண்ணூறுக்குச் சற்றுக் குறைவாக இருந்தன. அவற்றின் வாயிலுக்கு எதிரே காலைதோறும் வண்ணம் பூசிய மூடுவண்டிகள் வந்து நின்றன. பிள்ளைகள் வரிசையில் நின்று, சாளரத்தினூடாகத் தம் தொலைபேசியைக் கொடுத்து, ஒரு டொலரும் கொடுத்து, இலக்கமிட்ட சீட்டைப் பெற்றுக்கொண்டு பாடசாலைக்குட் சென்றனர். மாலையிற் சீட்டைக் கொடுத்து மீட்டனர். அருகிலிருந்த பலசரக்குக் கடைக்காரர்களும் இத்தொழிலில் இறங்கினர். நாளொன்றுக்கு ஒரு டொலர் என்றால் 180 பாடசாலை நாட்களுக்கு 180 டொலர். பகலுணவு இலவசமாகப் பெறும் வறிய வீட்டுப் பிள்ளைக்கு இது சிறு தொகையன்று. 2012 ஆம் ஆண்டிலே பிராங்ஸ் பகுதியில் இத்தகைய வண்டியொன்றை ஆயுதந் தாங்கியோர் கொள்ளையிட்டனர். ஏராளமான பிள்ளைகளின் தொலைபேசிகள் ஒரே வேளையிற் பறிபோயின. பிள்ளையின் பாதுகாப்புக்கென்று விதித்த தடை, அப்பிள்ளையின் உடைமையைத் தெருவிலே ஒரு கொள்ளைக்காரனின் கையிற் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மற்றைய பாடசாலைகளில் நடந்ததென்ன? நகரின் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாடசாலைகளில் உலோகங் காட்டும் கருவி இல்லை. அங்கே பிள்ளைகள் தொலைபேசியைப் பையில் அமர்த்தி வைத்திருந்தனர். ஆசிரியர்கள் காணாதவர்போல் இருந்தனர். கேளாதே, சொல்லாதே என்பதே அங்கு நிலவிய மௌன உடன்பாடு. கருவி பொருத்தப்பட்ட கட்டடங்களோ பெரும்பாலும் கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க வழியினரும் வாழும் வறிய பகுதிகளில் இருந்தன. ஏட்டில் ஒரே விதி. தெருவில் இரு விதி. தடையின் தலையாய குற்றம் இதுவே என்பது என் கருத்து. கருவியைத் தடுத்தமை பிழையா சரியா என்று நெடுநேரம் வாதிடலாம். ஏழைப் பிள்ளையை மட்டும் தடுத்து, அதற்கு அவனிடமே கூலியும் வாங்கியமைக்கு என்ன சமாதானம் உண்டு?

2014 ஆம் ஆண்டில் மேயர் பதவியேற்ற பில் டி பிளாசியோவின் மகன் அப்போது அரசினர் உயர்தரப் பாடசாலை ஒன்றிற் பயின்றுகொண்டிருந்தான். தம் மகனும் தொலைபேசி கொண்டு செல்கிறான் என்பதை மேயர் மறைக்கவில்லை. 2015 சனவரியில் அவரும் கல்வித் தலைமை அதிகாரி கார்மன் பரீனியாவும் தடையை நீக்குவதாக அறிவித்தனர். மார்ச் 2 ஆந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பாடசாலையும் தன் அதிபரும் ஆசிரியரும் பெற்றாரும் கலந்து தன் விதியைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. மூடுவண்டிகள் மறைந்தன. தாய்மார் வென்றனர்.

ஆனால் அவர்கள் வென்றெடுத்த பொருள், வழக்குத் தொடுத்த நாளில் இருந்த பொருளன்று. 2006 ஆம் ஆண்டிற் பிள்ளையின் பையில் இருந்தது பேசவும் குறுஞ்செய்தி அனுப்பவும் பயன்படும் மடிப்புத் தொலைபேசி. 2007 ஆம் ஆண்டில் ஐபோன் வந்தது. வழக்கும் சட்டமும் மூடுவண்டிகளும் ஓடிக்கொண்டிருந்த எட்டாண்டுக்குள் அக்கருவி தொலைபேசி என்னும் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, நிழற்படக் கருவியாகவும் படமாளிகையாகவும் சூதாட்டக் களமாகவும் வம்பளக்கும் திண்ணையாகவும் மாறிவிட்டது. தாய் பேசுவதற்கென்று கேட்ட கருவியில், முன்பின் அறியாத எவரும் பிள்ளையோடு பேசலாம் என்னும் நிலை வந்தது. சுரங்க இரயிலிற் பிள்ளைக்கு என்ன நேருமோ என்று அஞ்சியவள், இப்பொழுது படுக்கையறையில் என்ன நேருமோ என்று அஞ்சலானாள். ஒரு பிள்ளையைப் பற்றிய இழிமொழி மதிய இடைவேளைக்குள் ஐந்நூறு பேரைச் சென்றடையும் வழியும் திறந்தது. 1988 ஆம் ஆண்டிற் போலவே கருவி மீண்டும் ஆபத்தின் அடையாளமாகத் தொடங்கியது.

உலகம் முழுவதும் காற்றுத் திசை மாறிற்று. பிரான்சு 2010 ஆம் ஆண்டிற் பாட நேரத்துக்கு மட்டும் விதித்திருந்த தடையை, 2018 ஓகஸ்ட் மாதச் சட்டத்தினாற் பதினைந்து வயது வரையிலான மாணாக்கரின் பாடசாலை நாள் முழுவதற்கும் விரித்தது. சீனா 2021 ஆம் ஆண்டிற் கட்டுப்படுத்தியது. 2023 ஆம் ஆண்டு யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கை, ஏறக்குறைய நான்கு நாடுகளுக்கு ஒன்று பாடசாலையில் இவற்றைத் தடுத்திருப்பதாகக் கூறியது. தென்கொரியா 2025 ஓகஸ்டில் இதற்கெனச் சட்டம் நிறைவேற்றியது. அமெரிக்காவில் 2023 இல் புளோரிடா முன்னே செல்ல, இரண்டே ஆண்டுகளில் முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் ஏதோ ஒரு வகையிற் கட்டுப்பாடு விதித்தன.

இவ்வாறு தடை மீளும் வேளையிலும் பழைய அச்சம் ஓயவில்லை. 2022 மே 24 ஆந் திகதி, டெக்சாஸ் மாநிலத்தின் யுவால்டி என்னும் சிற்றூரில் ஆரம்பப் பாடசாலை ஒன்றிற் பத்தொன்பது பிள்ளைகளும் இரு ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டனர். பொலிசார் வந்துசேர்ந்தும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வகுப்பறைக்கு வெளியே நின்றனர். உள்ளேயிருந்து ஒரு சிறுமி உதவி கோரிப் பொலிசாரை அழைத்தாள். தன் ஆசிரியையின் கைத்தொலைபேசியை எடுத்தே தான் அழைத்ததாக அவள் பின்னர் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தாள். இச்சாட்சியத்தை இருசாராரும் தத்தமக்குச் சார்பாக எடுத்தாளலாம். வகுப்பறையில் தொலைபேசி இருக்கவேண்டும் என்பார்க்கும் இது சான்று. அது பிள்ளையின் கையிலேதான் இருக்கவேண்டும் என்பதில்லை என்பார்க்கும் இதுவே சான்று. இதைப் படித்தபோது யார் பக்கம் நிற்பது என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. அச்சிறுமியின் வயது என் பேர்த்தியின் வயது.

பாடசாலைப் பாதுகாப்பிற் பயிற்சி பெற்றவர்கள் சொல்வது பெற்றாருக்குக் கசப்பானது. ஆபத்து வேளையிற் பிள்ளைகள் செய்யவேண்டியது ஆசிரியரின் சொற்கேட்டு ஓசையின்றி இருத்தலே. நூறு தொலைபேசிகள் ஒருங்கே ஒலித்தால் ஒளிந்திருக்கும் இடம் வெளிப்படும். வதந்தி பரவும். பெற்றார் வாகனங்களிற் பாய்ந்து வந்து வீதியை அடைத்தால் மருத்துவ வண்டி நுழைய இடமிராது. இவை யாவும் உண்மை. எனினும், பிள்ளையின் இறுதிச் செய்தி அதுவாக இருக்குமோ என்று நடுங்கும் ஒருவரிடம் இவ்வுண்மைகளை எடுத்துரைக்கும் தைரியம் எவருக்கு வரும்? 2019 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு தினத் தாக்குதல்களின் பின்னர் நம் நாட்டுப் பாடசாலைகள் மீளத் திறந்தபோது, வாயிலிற் பிள்ளைகளின் பைகளைச் சோதிக்கப் பெற்றாரே எம்மோடு வந்து நின்றனர். பை சோதித்து முடிந்தபின்னும் வீடு செல்லாமல் எதிர்ப்புற மரநிழலில் நண்பகல் வரை நின்ற தந்தையர் சிலரின் முகம் இன்றும் என் கண்முன் நிற்கின்றது. அவர்களிடம் நான் எந்தப் புள்ளிவிபரமும் சொல்லவில்லை, தேநீர் அனுப்பினேன்.

நியூயோர்க்குக்குத் திரும்புவோம். 2024 ஆம் ஆண்டில் நகர நிருவாகம் மறுபடியும் தடையைப்பற்றி ஆலோசித்துப் பின்வாங்கியது. ஆனால் மாநில ஆளுநர் கதி ஹோக்குல் 2025 மே மாதத்தில் ஒரு சட்டத்தை நிறைவேற்றுவித்தார். அவ்வாண்டு செப்தெம்பர் முதல் நியூயோர்க் மாநிலத்தின் அரசினர் பாடசாலைகள் அனைத்திலும், முதல் மணி தொடங்கி இறுதி மணி வரை, மாணாக்கர் இணையத் தொடர்புள்ள கருவிகளைப் பயன்படுத்தலாகாது. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது 2005 ஆம் ஆண்டின் விதி மீண்டும் வந்தது போலத் தோன்றும். சட்டத்தை ஊன்றி நோக்கினால், இடைப்பட்ட இருபதாண்டுப் பூசலின் தழும்புகள் அதில் வரிக்கு வரி தெரிகின்றன.

முதலாவதாக, கருவியைப் பாடசாலைக்குக் கொண்டுவருவது குற்றமன்று. அதனை எங்கே, எவ்வாறு வைப்பது என்பதற்குப் பாடசாலையே வழி செய்யவேண்டும். பேழையோ, அலுமாரியோ, பூட்டுப் பையோ எதுவாயினும் ஆகுக. அதற்கென மாநிலம் ஒரு கோடியே முப்பத்தைந்து இலட்சம் டொலரை ஒதுக்கியது. ஒரு டொலர் வாங்கும் மூடுவண்டிக்கு அங்கே இடமில்லை. நீரிழிவு முதலிய நோயுடைய பிள்ளைக்கும், மொழிபெயர்ப்பு வேண்டும் பிள்ளைக்கும், வீட்டிலே தம்பி தங்கையரையோ நோயாளரையோ பராமரிக்கும் பொறுப்புடைய பிள்ளைக்கும் விலக்கு உண்டு. தொலைபேசியைப் பயன்படுத்திய ஒரே காரணத்துக்காகப் பிள்ளையை இடைநிறுத்தலாகாது. தண்டனை குறித்த இனத்தவர் மேலோ வறியவர் மேலோ மிகுதியாக விழுகின்றதா என்று பாடசாலைகள் கணக்கெடுத்து வெளியிடவும் வேண்டும்.

இவை யாவற்றினும் என் கண்ணை ஈர்த்த பிரிவு மற்றொன்று. பாடசாலை நேரத்திற் பெற்றார் தம் பிள்ளையைத் தொடர்புகொள்வதற்குப் பாடசாலை குறைந்தது ஒரு வழியேனும் ஏற்படுத்தி, அவ்வழியைப் பெற்றாருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்கிறது அச்சட்டம். 2006 ஆம் ஆண்டு ஊர்வலம் சென்ற தாய்மார் கேட்டது பெரும்பாலும் இதைத்தான். அன்று எவரேனும் இவ்வொரு வரியைச் சேர்த்திருந்தால், அத்தனை வழக்கும் வேண்டியிருந்திராது என்று எண்ணத் தோன்றுகின்றது. ஒருவேளை வேண்டியிருந்திருக்கலாம். அக்காலப் பெற்றாருக்குத் தெரிந்த வழி பாடசாலை அலுவலகத் தொலைபேசி. அதனை அழைத்தால் எவரும் எடுப்பதில்லை என்பது எல்லா நாட்டிலும் பெற்றாரின் முறைப்பாடு. தெருமுனைப் பொதுத் தொலைபேசிகளும் அந்நாட்களிலேயே ஒவ்வொன்றாய் மறைந்துகொண்டிருந்தன. நியூயோர்க் நகரத்துக்குச் சொந்தமான கடைசிப் பொதுத் தொலைபேசிக் கூடு 2022 மே 23 ஆந் திகதி டைம்ஸ் சதுக்கத்தின் அருகிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டது.

நம் நாட்டிலே இவ்விவாதத்துக்கு வேறொரு முகமும் உண்டு. 2020 மார்ச் மாதம் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வரலாகாது என்று நாம் விலக்கி வைத்திருந்த கைத்தொலைபேசியே பாடசாலையாயிற்று. இணைப்புக் கிடைக்காத ஊர்களிற் பிள்ளைகள் குன்றின்மேலும் மரத்தின்மேலும் ஏறியிருந்து பாடங் கேட்டனர். ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுக்கொண்ட வீடுகளை நான் அறிவேன். கடன்பட்டு வாங்கிக் கொடுத்த பெற்றாரையும் அறிவேன். வாங்கும்படி கேட்டவர்கள் நாமே. அப்படியிருக்க, இரண்டாண்டின் பின் அதே கருவியைக் காட்டி, இதனை ஏன் பிள்ளையிடம் கொடுத்தீர்கள் என்று அவர்களிடம் கேட்கும்போது என் குரல் சற்றுத் தாழ்ந்துதான் ஒலிக்கின்றது.

அந்தத் தாயாரின் வினாவுக்கு வருகின்றேன். எங்கள் விதியை நான் மாற்றவில்லை. வகுப்பறையிற் கைத்தொலைபேசி வேண்டாம் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் இத்தவணையிலிருந்து அலுவலக வாயிலருகே ஒரு தொலைபேசியை வைத்தோம். மாலை வகுப்பு முடிந்து கடைசிப் பிள்ளை பஸ் ஏறும் வரை அதனருகே ஓர் ஆசிரியர் முறைவைத்து அமர்ந்திருப்பார். பிள்ளை கேட்டால் வீட்டுக்கு அழைத்துக் கொடுப்பார். வீட்டார் அழைத்தால் எடுத்து விடை சொல்வார். அழைப்பு ஒவ்வொன்றும் ஒரு கொப்பியிற் பதியப்படும். முதல் வாரத்தில் அழைப்புகள் எண்பதைத் தாண்டின. ஆசிரியர்கள் முணுமுணுத்தனர், நானும் இரு மாலைகள் அங்கே அமர்ந்தேன். ஐந்தாம் வாரத்தில் அவை பன்னிரண்டாகக் குறைந்தன. நேற்றுக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். "பஸ் பிந்திவிட்டது", "மழை, குடை இல்லை", "சித்தப்பா வந்து கூட்டிச் செல்வார்" என்பனவே பெரும்பாலும். அத்தாயாரின் பெயருக்கு எதிரே மூன்று பதிவுகள் இருந்தன. மூன்றிலும் விடயம் என்னும் நிரலில் ஆசிரியை ஒரே சொல்லையே எழுதியிருந்தார்: "புறப்பட்டாள்".